ஒப்பு பதினொன்று

பாட்டு நாலாவது அடியில் நின்றுபோனது.

கோமதிநாயகம் பாடிக்கொண்டேதான் இருந்தான். வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஆனால் கூடத்தின் நான்கு மூலைகளிலும் இருந்த ஸ்பீக்கர்கள் மூச்சை அடக்கிக்கொண்டன. பிறகு ஒரு பெண் குரல், ரயில் தாமதத்தை அறிவிக்கிற அதே சாந்தத்தோடு சொன்னது: “இப்பாடல் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. ஒப்பு தொண்ணூற்றாறு. ஒத்த பாடல்கள் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. நன்றி.”

முன்வரிசையில் இருந்த டாக்டர்கள் கைதட்டினார்கள். ஆறுதலுக்குத் தட்டுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடையிலிருந்து இறங்கி, பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் அவன் டெக்னீஷியன். பத்தொன்பது வருஷம். காலை ஆறு மணிக்கு மெஷின்களைக் கழுவுவது, எட்டுப் படுக்கைகளுக்கும் ஊசி போடுவது, நாலு மணி நேரம் ரத்தம் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது, ஊசியை உருவுவது, மறுபடியும் கழுவுவது. இதில் ஒன்றைக்கூட அவன் தன் இஷ்டத்துக்கு மாற்றிச் செய்ய முடியாது. மாற்றினால் ஆள் செத்துப்போவான். நாற்பத்து மூன்றாவது வயதில், ஒரு நாள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், ‘மழை வந்து உன் பேரைக் கேட்டது, மண் வந்து என் பேரைச் சொன்னது’ என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது அவனுக்கு. இந்த உலகத்தில் தன் கையால் ஆனது என்று ஒன்று இருக்கப்போகிறது என்று நினைத்தான். மூன்று வாரம் உட்கார்ந்து பாட்டை முடித்து, மெட்டும் போட்டு, பிரிவின் ஆண்டு விழாவில் பாடப் பேர் கொடுத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் நாலாம் படுக்கைக்கு ஊசி போடப் போனபோது ஆவுடைச்செல்வி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

“அண்ணாச்சி, பாட்டு பாதியில அறுந்துட்டாமே?”

அவளுக்கு இருபத்தேழு வயது. இரண்டு வருஷமாக செவ்வாய், வியாழன், சனி என்று வருகிறாள். அதற்கு முன்னால் சென்னையில் ஒப்பகத்தில் வேலை பார்த்தவள். நாட்டில் யார் புதிதாகப் பாட்டு எழுதினாலும் அது ஒப்பகத்துக்குப் போக வேண்டும். ஏற்கெனவே உள்ள பாட்டுகளோடு வைத்துப் பார்த்து, ஒப்பு நாற்பதுக்குள் இருந்தால் ஒரு நம்பர் கொடுப்பார்கள். நம்பர் இல்லாத பாட்டை எந்த ஸ்பீக்கரும் பாடாது, எந்த போனும் பாடாது. அந்தச் சட்டம் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் இருக்கிற பாட்டையே போட்டுக்கொள்கிற ஜனங்களுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை.

“நான் யாரு பாட்டையும் பாத்து எழுதல, ஆவுடை,” என்றான். “பஸ்ஸுல உக்காந்து நானா யோசிச்சது.”

“தெரியும். நீங்க திருடுனீங்கன்னு அது சொல்லலயே. ஏற்கெனவே இருக்குன்னுதான சொல்லுது.”

“நாலாயிரம் பேருக்கா அதே வரி தோணிச்சு?”

“பேரு எங்க இருக்கு? ஆளே கெடையாது அண்ணாச்சி. எல்லாம் பெருக்கின்னு ஒரு மெஷின் பாடுனது.” அவள் தலையணையில் சாய்ந்துகொண்டாள். “கம்பெனிக்காரன் மெஷின ஓட விட்டுருவான். மழைன்னு ஒண்ணு, மண்ணுன்னு ஒண்ணு. ரெண்டையும் வச்சு எத்தனை விதமா பாட முடியுமோ அத்தனையும் அது பாடி வச்சிரும். யாரும் கேக்கதுக்காக இல்ல. பதிவு பண்ணிப் போட்டா இடம் நம்ம இடம்னு ஆயிரும்லா, அதுக்கு. நான் வேலைய விடும்போது எண்ணூறு கோடி பாட்டு கெடந்துச்சு. அதுல மனுசக் காது பட்டது ஒரு லட்சம் இருந்தா அதிகம்.”

“அப்ப புதுசா வாரவன் என்னதான் எழுத?”

“அதைத்தான் நாங்களும் எங்க சீட்டுல உக்காந்து யோசிப்போம்,” என்றாள். “ஒரு வாத்தியாரு மாசாமாசம் அனுப்புவாரு. தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணு, எம்பத்தொம்பது. ஒரு நாள் வாரது நின்னுபோச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு.”

விட்டுவிட்டிருக்கலாம். அவன் விடவில்லை. மழையை எடுத்துவிட்டு எழுதினான், தொண்ணூற்று நான்கு. காதலையே எடுத்துவிட்டு எழுதினான், தொண்ணூறு. ஊசி, குழாய், மெஷின் என்று தன் வேலையை வைத்து ஒன்று எழுதியபோது இது நிச்சயம் என்று நம்பினான். அதற்கு எண்பத்தேழு வந்தது. ‘டயாலிசிஸ் காதல்’ என்ற தலைப்பில் மட்டும் ஆறாயிரம் பாட்டு இருப்பதாக ஆவுடை சொன்னபோது எதிர்ப் படுக்கைக்காரர் சிரித்ததில் அவர் மெஷின் அலாரம் அடித்தது. ஒரு சமயம் கோபத்தில் அர்த்தமே இல்லாத சொற்களை அடுக்கி அனுப்பினான். எழுபத்திரண்டு. அர்த்தமில்லாததையும் அது எழுதி வைத்திருந்தது. அவன் மனைவி பிரமு, “உங்களுக்குப் பாடணும், அவ்வளவுதானே? எனக்குப் பாடிக் காட்டுங்க. என் காதுக்கு நம்பர் வேண்டாம்” என்றாள். அவன் பாடிக் காட்டவில்லை. தொண்ணூறு ஒப்புள்ள பாட்டைப் பாடும்போது தன் குரலே வேறு யாருடையதோ மாதிரி அவனுக்குக் கேட்கத் தொடங்கியிருந்தது.

“உங்க தப்பு என்னன்னா,” என்றாள் ஆவுடை ஒரு வியாழக்கிழமை, “நீங்க வார்த்தைய மாத்துதீங்க. வார்த்தை பூரா அதுகிட்ட இருக்கு. மெட்டு பூரா இருக்கு. அதுகிட்ட இல்லாதது ஒண்ணுதான்.”

“என்னது?”

“யாரும் அதுகிட்ட சொல்லாதது.”

அப்போது அவன் அவள் இடது முன்கையில் ஸ்டெத்தை வைத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் ஊசி போடுவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும். டயாலிசிஸுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். அதன் வழியாக ரத்தம் பாய்கிற வேகத்தில் தோலுக்கடியில் ஒரு ரீங்காரம் கேட்கும். விரல் வைத்தால் அதிரும். அந்தச் சத்தம் இருந்தால் குழாய் உயிரோடு இருக்கிறது. நின்றுவிட்டால் ரத்தம் கட்டிவிட்டது என்று அர்த்தம். உடனே தெரிந்தால் காப்பாற்றலாம்.

“சத்தம் நல்லா இருக்கு,” என்றான்.

“வண்டுன்னுதான் நாங்க சொல்லுவோம்,” என்றாள் அவள். “இங்க இருந்து போய் மத்தியானம் படுத்துருவேன்லா. அம்ம மூணு மணிக்கு அங்கன்வாடில வேலை முடிச்சு வருவா. சேலைகூட மாத்தமாட்டா. பூனை மாதிரி வந்து பக்கத்துல படுத்து, என் கைமேல காதை வச்சுக்குவா. வண்டு கத்துதான்னு கேப்பா. கேட்டுக்கிட்டே தூங்கிப்போவா. எனக்குக் கை மரத்துப்போவும். அசைக்கமாட்டேன். நான் தூங்குதேன்னு அவ நெனைச்சுக்கிட்டு இருக்கா. ரெண்டு வருசமா ஒரு நாளும் தூங்குனது இல்ல.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா வரமாட்டா அண்ணாச்சி. அவ அப்படிப்பட்ட ஆளு. கொஞ்சத் தெரியாது. சின்னப்புள்ளையில என்னைத் தூக்குனதுகூட எனக்கு ஞாபகம் இல்ல. இந்த வண்டு வந்த பெறகுதான் தொடுதா.”

அவன் ஊசியைப் போட்டான். அவள் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று பஸ்ஸில் அவன் எழுதவில்லை, அது வந்தது. ஸ்டெத்தில் கேட்ட ரீங்காரத்தின் ஏற்ற இறக்கம்தான் மெட்டு. இதயம் துடிக்கிறபோது ஏறி, விடுகிறபோது இறங்கி, ஆனால் நடுவில் அறுபடாமல். அதில் சொற்கள் தாமாக உட்கார்ந்தன.

*கையில குடியிருக்கு ஒரு வண்டு*
*அது கத்துத வரைக்கும் நான் உண்டு*
*காதை வச்சுத் தூங்கு தாயே*
*சத்தம் நின்னாலும் முழிக்காதே*

தூங்குவதுபோல் கிடக்கிற மகள் மனசுக்குள் பாடுகிற மாதிரி எழுதினான். கை மரத்துப்போவது, சேலை மாற்றாமல் வருவது, எல்லாம் வந்தது. வண்ணார்பேட்டையில் இறங்க வேண்டியவன் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டான்.

வீட்டில் பிரமுவுக்கு வாசித்துக் காட்டினான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், “அந்தப் புள்ளகிட்டக் கேட்டீங்களா?”

“கேட்டாச்சு,” என்றான்.

சனிக்கிழமை கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம், சும்மா ஒப்பு மட்டும் பார்ப்போம் என்று அனுப்பினான். பதினொன்று என்று வந்தது. அவன் போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தான். பதினொன்றுதான். கீழே, ‘நம்பர் பெறச் சம்மதமா?’ என்று கேட்டிருந்தது. நம்பர் வாங்கினால் பத்து நாளில் அந்தப் பாட்டு விதையாகிவிடும், எந்தப் பெருக்கியும் அதை எடுத்துப் பெருக்கிக்கொள்ளலாம் என்ற நிபந்தனை அதற்கும் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. அவன் அதைப் படிக்கவும் செய்தான். சம்மதம் என்று அழுத்தினான்.

சனிக்கிழமை ஷிப்டில், எட்டுப் பேருக்கும் ஊசி போட்டு முடித்ததும், “உங்களுக்கெல்லாம் ஒரு சமாச்சாரம்” என்று சொல்லிவிட்டு வார்டு ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டான். அவன் குரல்தான். எந்த அறிவிப்பும் குறுக்கே வரவில்லை. நாலாவது அடியைத் தாண்டிப் போனது, முழுக்கப் பாடி முடித்தது. எதிர்ப் படுக்கைக்காரர் ஊசி குத்திய கையின்மேல் மற்றக் கை விரலை வைத்துப் பார்த்தார். ஒரு சிஸ்டர் வெளியே போய் அழுதாள்.

கோமதிநாயகம் நாலாம் படுக்கையைப் பார்த்தான்.

ஆவுடை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இரண்டு ஊசி இருப்பதால் அவளால் எழுந்துபோக முடியாது. இன்னும் மூன்று மணி நேரத்துக்குமேல் அங்கேயே கிடந்தாக வேண்டும்.

“பதினொண்ணு, ஆவுடை,” என்றான் பக்கத்தில் போய். “நீ சொன்னதுதான். யாரும் அதுகிட்ட சொல்லாதது.”

“நானும் யாருகிட்டயும் சொல்லாததுதான் அண்ணாச்சி அது,” என்றாள். “உங்ககிட்டச் சொன்னது பாட்டுக்கு இல்ல.”

அவள் அதற்குமேல் கோபப்படவும் இல்லை. “மெஷின் பிரஷர் ஏறுது, பாருங்க,” என்று மட்டும் சொன்னாள்.

அவன் அன்று மத்தியானமே பாட்டைத் திரும்பப் பெற எழுதிப் போட்டான். பதில் வரவில்லை. அதற்குள் பாட்டு வெளியே போயிருந்தது. ஒன்பது வருஷமாக ஒரே மாதிரிப் பாட்டைக் கேட்டுக் காது மரத்துக் கிடந்த ஜனங்கள், வண்டுப் பாட்டு, வண்டுப் பாட்டு என்று ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். ஆட்டோவில் கேட்டது. மேலப்பாளையம் சந்தையில் கேட்டது. நான்காம் நாள், சங்கன்திரடு அங்கன்வாடியில் குழந்தைகளுக்கு முட்டை அவித்துக்கொண்டிருந்த சண்முகவடிவின் காதிலும் டீச்சரின் போனிலிருந்து விழுந்தது.

“அம்ம கேட்டுட்டா,” என்றாள் ஆவுடை அடுத்த தடவை வந்தபோது.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. இப்ப மூணு மணிக்கு வந்தா சேலைய மாத்துதா. அடுப்படிக்குப் போயிருதா.”

பத்தாம் நாள் பெருக்கிகள் விதையை எடுத்தன. யார் வேண்டுமானாலும் போனில் நாலு விவரம் கொடுத்தால் தன் வீட்டு வண்டுப் பாட்டு கிடைக்கும் என்று விளம்பரம் வந்தது. பேஸ்மேக்கர் வைத்த அப்பாவுக்கு ஒரு வண்டு, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வண்டு, செத்துப்போன நாய்க்குக்கூட ஒன்று. ஒரு வாரத்தில் மூன்று லட்சம். எல்லாவற்றிலும் யாரோ ஒருவர்மேல் யாரோ ஒருவர் காது வைத்துத் தூங்கினார்கள்.

அவன் விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரையில் இருந்த ஒப்பகக் கிளைக்கு நேரில் போனான். ஒரு நடுத்தர வயது அதிகாரி, நல்ல மனுஷி, அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

“உங்க பாட்டை வேணும்னா எடுத்துடலாம் சார். அதுல இருந்து பெருகினதை எடுக்க வழியில்லை. அது ஒவ்வொண்ணும் தனித்தனிப் பாட்டு, தனித்தனி நம்பர்.”

“என்னோடதை எடுத்தா?”

“அப்புறம் அதெல்லாம் மட்டும் இருக்கும். உங்களோடது இருக்காது.” அவர் கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு சொல்லட்டுமா? என் மாமியாருக்கு நானும் ஒண்ணு செஞ்சு கொடுத்தேன். ரொம்ப அழுதாங்க. சந்தோஷத்துலதான்.”

அவன் எடுக்கச் சொல்லாமல் திரும்பி வந்தான்.

ஆவுடையின் வண்டு எந்த நாளில் எந்த நேரத்தில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை ஊசியை உருவியபோது இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டெத்தை வைத்தபோது இல்லை. அவன் ஸ்டெத்தைத் தட்டிப் பார்த்தான், இடம் மாற்றி வைத்துப் பார்த்தான், பிறகு தன் காதையே கொண்டுபோய் அவள் கையில் வைத்தான். தோல் சில்லென்று இருந்தது.

“தெனமும் தொட்டுப் பாருன்னு சொல்லியிருக்கோம்லா, ஆவுடை! ஞாயித்துக்கெழமை பாக்கலியா? திங்கக்கெழமை?”

“நான் என்னைக்கு அண்ணாச்சி பாத்திருக்கேன்?” என்றாள் அவள் வெளிறிப்போய். “அம்மதான கேப்பா.”

சர்ஜன் முயன்றார். ரத்தம் கெட்டியாகி நாளாகிவிட்டது என்றார். கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் தொடர்ந்தார்கள். வலது கையில் புதிதாக ஒன்று தைக்க ஏற்பாடு ஆனது. அதற்குள் மூன்றாவது வாரம் கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ஏறிக் காய்ச்சல் வந்துவிட்டது. ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள்.

அந்த நாட்களில் அவன் இன்னொரு பாட்டு எழுதினான். மன்னிப்புக் கேட்கிற பாட்டு. முதல் பாட்டைவிட இரண்டு மடங்கு உண்மை அதில் இருந்தது: சின்ன எழுத்தைப் படித்தும் அழுத்தியது, மனைவியிடம் சொன்ன பொய், ஊசி குத்திக் கிடக்கிறவள்முன் பாட்டைப் போட்டது. அவளுடைய போனுக்கு அனுப்பி, அவள் தனியாகக் கேட்கட்டும் என்று நினைத்தான். போனில் பாட நம்பர் வேண்டும். ஒப்பகத்துக்கு அனுப்பினான்.

எண்பத்தொன்பது. ஒத்த பாணி: கோமதிநாயகம். அந்தப் பாணியின் உரிமை ஒரு பெருக்கி நிறுவனத்தின் பெயரில் பதிவாகியிருந்தது. அவன் எப்படிச் சொல்வானோ, எந்த இடத்தில் குரலை இறக்குவானோ, எந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வருவானோ, அப்படியெல்லாம் சொல்லி முடித்துவிட்ட மூன்று லட்சம் பாட்டுகள் இருந்தன. அவற்றில் மன்னிப்புக் கேட்பவை மட்டும் பன்னிரண்டாயிரம்.

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மத்தியானப் பார்வை நேரத்தில் ஐ.சி.யு.வுக்குப் போனான். ஆவுடை கண்ணை மூடிக் கிடந்தாள். சண்முகவடிவு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், அவனைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனார். கோபமா, இடம் விட்டாரா, அவனுக்குப் புரியவில்லை.

“ஆவுடை,” என்றான். “தப்புப் பண்ணிட்டேன்மா.”

அதற்குமேல் அவனுக்கு வரவில்லை. பைக்குள் இருந்த காகிதத்தில் நாற்பது வரி இருந்தது.

அவள் கண் திறந்தாள். உதடு காய்ந்திருந்தது. “பாட்டு மோசமா இருந்திருந்தா மன்னிச்சிருப்பேன் அண்ணாச்சி,” என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. பிறகு, “அம்ம வெளியில சும்மாதான் நிப்பா. உள்ள வரச் சொல்லுங்க” என்றாள்.

அவன் வெளியே போய், “அக்கா, கூப்பிடுதா” என்றான். சண்முகவடிவு உள்ளே போவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தான். கட்டிலருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மகளின் இடது கை போர்வைக்கு வெளியேதான் கிடந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், தொடவில்லை. கேட்க அதில் ஒன்றும் இல்லை. ஒரு அசைவுமில்லாமல் இருவரும் அப்படியே இருந்தார்கள். பார்வை நேரம் முடிந்த மணி அடித்தது.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, ஆவுடைச்செல்வி இறந்துபோனாள். அப்போது கோமதிநாயகம் நாலாம் படுக்கையில் புதிதாக வந்த ஒரு லாரி டிரைவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அவன் எழுதவில்லை. வண்டுப் பாட்டு ஆறு மாதத்தில் அடங்கிப்போனது, ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. விருது ஒன்று கொடுக்கக் கூப்பிட்டார்கள், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டான். வார்டில் யாராவது, “நீங்கதான அந்தப் பாட்டு எழுதுனது?” என்று கேட்டால், “ஊசி போடுதேன், அசையாதீங்க” என்பான்.

ஐப்பசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சண்முகவடிவு வார்டு வாசலில் வந்து நின்றார். அவன் பதறி எழுந்து வந்தான். திட்டப்போகிறார் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“இரிங்கக்கா,” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

அவர் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார். “தம்பி, இது எங்க அங்கன்வாடி டீச்சரு போட்டுக் குடுத்தது. நீங்க கேட்டிருக்கீங்களான்னு தெரியல.”

போன் பாடியது. வண்டுப் பாட்டுதான். அதே மெட்டு, அவன் குரலைப் போலவே ஒரு குரல். ஆனால் அதில் மகளுக்குப் புதுச் சிறுநீரகம் கிடைத்துவிடுகிறது. வண்டு வேண்டாமென்று டாக்டர் எடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்த மகள், ‘இப்போ சத்தம் இல்லம்மா, இருந்தாலும் காது வை’ என்கிறாள். அம்மா வைக்கிறாள்.

சண்முகவடிவு பாட்டு முடிகிறவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இதுல அவ பொழச்சுக்கிடுதா, தம்பி,” என்றார். “நான் தெனமும் மூணு மணிக்கு வந்து இதைப் போட்டுக்கிட்டுப் படுப்பேன்.” பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். “டீச்சரு சொல்லுதா, இது மெஷின் பாடுனதுன்னு. நான் நம்பல. அவள மாதிரியே பேசுதே. அவகூட பழகுன ஆளு சொல்லாம மெஷினுக்கு எப்படித் தெரியும்? இதையும் நீங்கதான எழுதுனீங்க?”

அவன் கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதைப் பேண்டில் துடைத்தான்.

“ஆமாக்கா,” என்றான். “நான்தான்.”

அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. “நெனைச்சேன்,” என்றார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். போகத் திரும்பியவர், கூச்சத்தோடு கேட்டார். “அதுக்கப்புறம் அவ என்ன செய்யான்னும் எழுதுவீங்களா? திரும்ப வேலைக்குப் போனாளா, என்னன்னு. மெட்ராசுக்குப் போறது அவளுக்குப் பிடிக்கும்.”

“எழுதுதேன்க்கா.”

அவர் படியிறங்கிப் போனார். அடுத்த ஷிப்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கோமதிநாயகம் ஸ்டோர் அறையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ‘ரயிலேறிப் போறா’ என்று எழுதினான். அதற்குமேல் எழுதி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. எழுதினாலும் அவர் போனில் அது பாடாது. காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெருக்கியைத் திறந்தான். பெயர் ஆவுடைச்செல்வி, வயது இருபத்தெட்டு, சென்னைக்கு வேலைக்குப் போகிறாள், அம்மாவுக்குப் போன் செய்கிறாள் என்று கொடுத்தான். பாணி எது என்று கேட்டது. தன் பெயரைத் தேர்ந்தெடுத்தான்.

நாலு விநாடியில் வந்தது. சண்முகவடிவின் நம்பருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை கேட்டுப் பார்த்தான்.

நல்லாத்தான் இருந்தது.